எழுத்துப் பிழையும் எழுதியவர் நெஞ்சும்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. மனிதரைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். எழுத்தைப் பொறுத்தவரை அப்பழமொழியை அப்படியே ஏற்க நமக்குத் துணிவில்லை. முகம் கோணலாயிருந்தும் அகம் பொன்னாயிருக்கும் எழுத்துகள் உண்டு. முகம் பளபளவென்றிருந்தும் உள்ளே பதரன்றி மணியில்லாத எழுத்துகளும் உண்டு. கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பங்குப்பணி ஆற்றிவரும் நமக்கு, இவ்விரு வகை எழுத்துகளும் நாள்தோறும் கைக்கு வந்து சேருகின்றன.

செவ்வாய்க்கிழமைதோறும் புனித அந்தோனியார் நவநாளில் மன்றாட்டுப் பெட்டியைத் திறப்பது வழக்கம். கிழிந்த நோட்டுத்தாள், மருந்துச் சீட்டின் பின்புறம், நாள்காட்டித் தாள் என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் மக்கள் தம் மனத்தை எழுதிப் போட்டிருப்பர். ஒருநாள் அவற்றைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன தம்பி?" என்றோம். "சாமி, 'கடண் தீரவேண்டும்' என்று மூன்று சுழி போட்டு எழுதியிருக்கிறார்கள்!" என்றார். நாமும் அச்சீட்டை வாங்கிப் பார்த்தோம். "தம்பி, இரண்டு சுழி போட்டாலும் மூன்று சுழி போட்டாலும் வட்டி ஒன்றுதானே?" என்றோம். அவர் சிரிப்பு அடங்கியது. சீட்டின் மீதிப் பகுதியை அப்போதுதான் அவர் படித்தார். மகளுக்குக் குறித்திருந்த திருமணம் அக்கடனால் நின்றுபோகும் நிலையில் இருந்ததாக அதில் எழுதியிருந்தது.

நல்ல உள்ளம் படைத்த இளைஞர் அவர். ஆயினும் அவர் கண் முதலில் சென்றது சுழியிடம், கண்ணீரிடம் அன்று. நம்மில் பலருக்கும் இவ்வாறே நேர்கிறது. படித்தவர்கள் என்று பெயர் பெற்றவர்களுக்கு இன்னும் எளிதாக நேர்கிறது. ஆதலின் இதைக் குறித்துச் சற்று நின்று சிந்திப்பது பயனுடைத்து.

பிழை எங்கிருந்து வருகிறது?

தமிழில் ழகர ளகர லகரங்களும், ரகர றகரங்களும், னகர ணகரங்களும் பலருக்கு இடர் விளைப்பவை. தென்பாண்டிக் கடலோரத்தில் பிறந்த பிள்ளை வீட்டில் 'மளை' என்றே கேட்டு வளர்கிறது. 'கோளி' என்றே கூப்பிட்டுப் பழகுகிறது. பள்ளியிலே 'மழை' என்று எழுது என்கிறார்கள். காதுக்கும் கைக்கும் நடுவே ஒரு போராட்டம் தொடங்குகிறது. நல்லாசிரியரும் நூல்களும் அமைதியான வீடும் உள்ள பிள்ளை அப்போராட்டத்தில் வெல்கிறது. இடைநிலைப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக் கடலுக்கோ, களத்துக்கோ, தீப்பெட்டி ஆலைக்கோ அனுப்பப்பட்ட பிள்ளை தோற்கிறது. நாற்பதாண்டு கழித்து அவ்விருவரும் நமக்குக் கடிதம் எழுதினால், ஒருவர் கடிதத்தில் பிழையில்லை. மற்றவர் கடிதத்தில் வரிக்கு வரி பிழை. இதிலிருந்து நாம் அறிந்துகொள்வது யாது? ஒருவருக்குப் பள்ளி கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை என்பது மட்டுமே. அறிவு, அன்பு, உண்மை ஆகியவற்றின் அளவை அந்தப் பிழைகள் நமக்குச் சொல்லமாட்டா.

மேலும், பிழை என்பதே காலத்துக்குக் காலம் மாறும் ஒன்றாகும். தமிழ் எழுத்திலேயே அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது, 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. போர்த்துகலில் பிறந்து முத்துக்குளித்துறையில் உழைத்த அண்ட்ரிக் அடிகளார் தந்த பதினாறு பக்கச் சிறுநூல் அது. ஓலைச்சுவடி வழக்கப்படி மெய்யெழுத்துகளுக்கு அதில் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. அவ்வேறுபாடுகளைத் தெளிவாக்கியமைக்காகப் பின்வந்த வீரமாமுனிவரையே நாம் நன்றியுடன் நினைக்கிறோம். இன்றைய ஐந்தாம் வகுப்பு மாணவன் கையில் அந்நூலைக் கொடுத்தால், சிவப்பு மையால் பக்கத்தை நிரப்பிவிடுவான். ஆனால் தமிழ் அச்சுக்கலையின் வரலாற்றை எழுதும் எவரும் அதன் முன் தலைவணங்காமல் கடந்து செல்வதில்லை.

சென்னையிலிருந்து சென்ற கடிதம்

எழுத்தின் புறக்குறையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் உலகம் எதை இழந்திருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜனைத்தான் குறிப்பிடுகிறோம்.

பள்ளியிற் சிறந்து விளங்கிய இவர், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லாமையால் பின்னரும் தேர்வில் தேறவில்லை. அவருடைய உயர்கணித ஆசான் பெரும்பாலும் ஒரு நூலே. கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த அந்நூலில் ஆயிரக்கணக்கான கணித முடிவுகள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கான நிறுவல்கள் மிகச் சுருக்கமாகவோ இல்லாமலோ இருந்தன. கணிதம் எழுதும் முறை இதுவே போலும் என்று அவ்விளைஞர் கொண்டதில் வியப்பில்லை. அன்றியும், தாள் வாங்கப் பணமில்லாமையால் கற்பலகையில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைப்பார். வழி அழிந்தது, ஊர் மட்டும் நின்றது. அவர் எழுத்தில் அறிஞர்கள் கண்ட பெருங்குறை இதுவே. அக்குறைக்குக் காரணம் மூளையன்று. வறுமையும் ஒற்றை நூலுமே.

1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவருடைய முதற் கட்டுரை வெளிவந்தது. கருத்து புதிது, சொல்லும் முறையோ தெளிவற்றது. ஆகவே இதழாசிரியர் அதை எறிந்துவிடவில்லை; அப்படியே அச்சிடவும் இல்லை. மீண்டும் மீண்டும் திருப்பியனுப்பி, தெளிவுபடுத்தி எழுதச் செய்து வெளியிட்டார். இந்தப் பொறுமையை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆண்டு அவருடைய தாள்களைக் கண்ட இலண்டன் பேராசிரியர் ஒருவர், தெளிவாகவும் பிழையின்றியும் எழுதவேண்டும், விளக்கப்படாத குறியீடுகளைக் கையாளலாகாது என்று அறிவுரை கூறினார். தவறான அறிவுரை அன்று. ஆனால் அது வாயிலைத் திறக்கவில்லை. கேம்பிரிட்ஜில் வேறு இரு பேராசிரியர்களுக்கு எழுதியபோதும் பயன் விளையவில்லை.

1913 சனவரி 16-ஆம் நாள், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் கணக்கு எழுத்தராக ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் பெற்றுவந்த இராமானுஜன், ஹார்டி என்னும் கேம்பிரிட்ஜ் கணிதருக்குக் கடிதம் எழுதினார். பல்கலைக்கழகக் கல்வி தமக்கில்லை என்பதையும் மறைக்கவில்லை. உடன் சென்ற தாள்களில் வரிசை வரிசையாகத் தேற்றங்கள், நிறுவல் இல்லை. முன்பின் அறியாத ஒருவரின் விளையாட்டோ வஞ்சகமோ என்னும் ஐயம் ஹார்டிக்கும் எழாமல் இல்லை. ஆனால் அவர் அத்தாள்களைக் குப்பைக்கூடையில் போட்டுவிடவில்லை. தம் நண்பர் லிட்டில்வுட்டை அழைத்து, ஒரு மாலைப்பொழுதை அவற்றுக்குக் கொடுத்தார். சில சூத்திரங்கள் முன்பே அறியப்பட்டவை. சில அரிதின் முயன்று நிறுவத்தக்கவை. வேறு சில அவர் கண்டும் கேட்டும் அறியாதவை. இவை உண்மையாகத்தான் இருக்கவேண்டும், இல்லாதவற்றை இவ்வாறு புனையும் ஆற்றல் எவருக்கும் இராது என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 1914-இல் இராமானுஜன் இங்கிலாந்து சென்றார். 1918-இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1920-இல் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆயினும் அன்று மாலை அவர் காட்டிய பொறுமை நம் போன்றோர்க்கு ஒரு மறையுரை எனலாம். அதனினும் பெரிது, அவர் பின்னர் நடந்துகொண்ட முறை. இராமானுஜன் எழுதியவற்றுள் தவறானவையும் இருந்தன. குறிப்பாகப் பகா எண்களைப் பற்றிய சில முடிவுகள் பிழையானவை. அவற்றை ஹார்டி மூடி மறைக்கவில்லை. புறத்தே உள்ள குறையைப் பொறுப்பது வேறு, உள்ளே உள்ள தவற்றை உண்மையென்று ஒப்புவது வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். நிறுவல் முறையையும் கற்பித்தார். ஆனால் அளவுக்கு மீறி வற்புறுத்தினால் அவ்விளைஞரின் தன்னம்பிக்கையும் உள்ளொளியும் குன்றிவிடுமோ என்று அஞ்சி, மென்மையாகவே கற்பித்தார். முதலில் கேட்டார், பிறகு திருத்தினார். இந்த வரிசையைத்தான் வாசகர்கள் நெஞ்சில் இருத்திக்கொள்ளவேண்டும் என விழைகிறோம்.

இலக்கணமும் இறைவாக்கும்

திருச்சபையின் வரலாற்றிலும் இவ்வுண்மை பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. புனித அகுஸ்தினார் பத்தொன்பது வயதில் சிசரோவின் நூலொன்றைப் படித்து ஞானத்தின்மேல் வேட்கை கொண்டார். அவ்வேட்கையோடு திருமறை நூலைத் திறந்தார். அதன் எளிய நடை, சிசரோவின் பெருமித நடைக்குமுன் அவருக்கு அற்பமாகத் தோன்றியது, மூடிவிட்டார். மீண்டும் அதனிடம் பணிவோடு திரும்ப அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. நடையைப் பார்த்து நூலை மூடியதால் நேர்ந்த இழப்பை அவரே தம் வாழ்க்கைக் கதையில் எடுத்துரைக்கிறார்.

அந்த அனுபவம் வீண்போகவில்லை. பின்னாளில் ஆயராகி, கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க, மறைக்கல்வி புகட்டும் முறை பற்றி ஒரு நூல் எழுதினார். இலக்கணப் பள்ளியில் பயின்றவர்கள் திருச்சபைக்கு வரும்போது அவர்களுக்கு முதலில் பணிவைக் கற்பிக்கவேண்டும் என்கிறார் அதில். ஆயரோ குருவோ செபிக்கும்போது கொச்சைச் சொல்லும் இலக்கண வழுவும் நேர்ந்தால் அவர்கள் நகைக்கலாகாது. இறைவன் செவிக்கு எட்டுவது உள்ளத்தின் அன்பே என்று விளக்குகிறார். மொழிநடையில் தேர்ந்த ஓர் ஆசானே இவ்வாறு கூறியிருப்பதுதான் சிறப்பு.

குருமடத்தில் கிரேக்கம் பயின்ற நாளில் நாம் வியந்த செய்தி ஒன்று உண்டு. திருவெளிப்பாட்டு நூலின் கிரேக்க மொழியில் இலக்கண வழுக்கள் மலிந்திருக்கின்றன. முதல் அதிகாரத்திலேயே, வேற்றுமை ஏற்கவேண்டிய இடத்தில் இறைவனைக் குறிக்கும் சொல் வேற்றுமை ஏற்காமல் நிற்கிறது. 'இருப்பவரிடமிருந்து' என்று எழுதவேண்டிய இடத்தில் 'இருப்பவர் இருந்து' என்று எழுதியதை ஒக்கும் அது. இறைவன் பெயரை வளைக்கலாகாது என்றே ஆசிரியர் அவ்வாறு எழுதினார் என்று சொல்லும் அறிஞரும் உளர். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகர ஆயராயிருந்த தியோனீசியு இவ்வழுக்களை நன்கு அறிந்தவர். நான்காம் நற்செய்தியின் செம்மையான நடையையும் இந்நூலின் நடையையும் ஒப்பிட்டு, இரண்டையும் எழுதியவர் ஒருவரல்லர் என்றே கருதினார். ஆயினும் ஏளனத்துக்காக இதைச் சொல்லவில்லை என்றும், இதனை எழுதியவர் வெளிப்பாட்டைக் கண்டவர் என்பதை மறுக்கவில்லை என்றும் தெளிவாகக் கூறினார். பிழையைக் கண்டார், பிழையென்றே சொன்னார், பிழைக்கு அப்பால் நின்ற காட்சியையும் கண்டார். மதிப்பிடுவோர்க்கு இவரினும் நல்ல முன்மாதிரி அரிது.

இரண்டு தெரேசாக்கள்

அவிலா தெரேசம்மாள் காதுக்குக் கேட்டபடியே எழுத்துக்கூட்டி எழுதியவர். எழுதியதைத் திரும்பிப் படிக்க நேரமின்றி விரைந்து எழுதியவர். அவர் 1582-இல் இறந்தபின், அவருடைய படைப்புகள் 1588-இல் சலமான்கா நகரில் அச்சாயின. பதிப்பித்தவர் லூயிஸ் தெ லெயோன் என்னும் அகுஸ்தின் சபைத் துறவி, பல்கலைக்கழகப் பேராசிரியர், ஸ்பானிய மொழியின் தலைசிறந்த புலவர்களுள் ஒருவர். அம்மையாரின் நடையை அழகுபடுத்தத் தகுதியுடையவர் எவரேனும் இருந்தால் அவரே. ஆனால் அவர் செய்தது வேறு. பிறர் முன்பே செய்திருந்த திருத்தங்களை நீக்கி, அம்மையார் எழுதியவாறே சொற்களைத் திரும்ப நிறுத்தினார்; திருத்தியவர்களைக் கடிந்தும் எழுதினார். பெரும்புலவர் ஒருவர் புலமையற்ற எழுத்துக்குமுன் எழுதுகோலைக் கீழே வைத்த காட்சி அது.

லிசியே நகரத்துக் குழந்தை இயேசுவின் தெரேசம்மாளின் கதை சற்று வேறு. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சிற்றேடுகளிலே தம் வாழ்வை எழுதினார். இறுதிப் பக்கங்களை, 1897-இல், மையைத் தொட்டு எழுத வலுவின்றிப் பென்சிலால் எழுதினார். எழுத்துப் பிழைகளும் நிறுத்தற்குறிப் பிழைகளும் இருந்தன. அவருடைய உடன்பிறந்த அக்காளும் அதே மடத்தின் துறவியுமான ஆக்னேஸ் அன்னை, ஆயிரக்கணக்கான இடங்களில் திருத்தி, 1898-இல் 'ஓர் ஆன்மாவின் வரலாறு' என வெளியிட்டார். அது அன்பினால் செய்த வேலை. திருத்தும் உரிமையைத் தங்கையே அவருக்குக் கொடுத்திருந்தார். உலகெங்கும் அந்நூல் பரவியது. ஆயினும், 1956-இல் மூலக் கையெழுத்துப் படிகள் உள்ளவாறே வெளியானபோது, பிழைகளோடு கூடிய அவ்வெழுத்தின் உரமும் உயிரும் வாசகர்களுக்குப் புதிதாகத் தெரிந்தன.

இவ்விரு தெரேசாக்களுள் முன்னவர் 1970-இலும் பின்னவர் 1997-இலும் திருச்சபையின் மறைவல்லுநர்களாக அறிவிக்கப்பட்டனர். எழுத்துக்கூட்டில் தவறியவர்கள் திருச்சபைக்கே ஆசிரியர்களாயினர்.

உப்பளத்துச் சிறுமியின் கட்டுரை

பெரியோர் வரலாற்றை விட்டு, நம் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்வோம். முன்னர் நாம் பணியாற்றிய பங்குகளுள் ஒன்று உப்பளங்கள் சூழ்ந்த கடலோர ஊர். அங்கே பாதுகாவலர் திருவிழாவை முன்னிட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி நடத்துவது மரபு. ஓராண்டு 'உழைப்பின் மேன்மை' என்று தலைப்புக் கொடுத்தோம். நடுவர் மூவர்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், இளம் ஆசிரியர் ஒருவர், நாம்.

பெரியவர் எழுத்துப் பிழை என்றால் பொறுக்கமாட்டார். கோயில் அறிவிப்புப் பலகையில் ஒற்றெழுத்து விட்டுப்போனாலும், திருப்பலி முடிந்ததும் நேரே நம்மிடம் வந்து சொல்லிவிட்டே வீடு செல்வார். ஆனால் அவ்வாண்டு அவருக்குக் கண்ணில் புரை அறுவை நடந்து, கட்டு அவிழ்க்கப்படாமலிருந்தது. "சாமி, நீங்கள் படியுங்கள், நான் கேட்டு மதிப்பெண் சொல்லுகிறேன்" என்று அறைவீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்துவிட்டார்.

பெரும்பாலான கட்டுரைகள் ஒரே அச்சில் வார்த்தவை. எறும்பைப் பார், தேனீயைப் பார் என்று தொடங்கி, உழைத்தால் உயரலாம் என்று முடிந்தன. பிழை குறைவு, பொருளும் குறைவு. கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் இடையே கண்ணயர்ந்ததையும் கவனித்தோம். இளைய ஆசிரியர் முன்னரே கழித்து ஒதுக்கிய கட்டு ஒன்று மேசை ஓரத்தில் இருந்தது. அதன் மேலே கிடந்த தாள் சிவப்பு மையில் குளித்திருந்தது. நாற்பத்தொரு பிழைகள் என்று அடியில் எண்ணியும் எழுதியிருந்தார். அதையும் படித்துவிடுவோமே என்று எடுத்தோம்.

ஒன்பதாம் வகுப்புச் சிறுமி எழுதியது. தாய் விடியுமுன் நான்கு மணிக்கே அளத்துக்குப் புறப்படுகிறாள். வெயில் ஏறினால் உப்பின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும் என்பது காரணம். பாத்தியில் நின்று நின்று அவள் கால்களில் வெடிப்பு. இரவில் எண்ணெய் தடவிக் கொடுப்பது சிறுமியின் வேலை. கஞ்சியில் உப்புக் குறைந்தால், என் கையைக் கழுவாமல் பரிமாறியிருக்கலாம் என்று தாய் நகைப்பாளாம். இவ்வளவையும் அலங்காரம் ஏதுமின்றி எழுதிவிட்டு, இறுதியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். உழைப்பு மேன்மையானது என்றால், நீயாவது இந்த வேலைக்கு வந்துவிடாதே என்று அம்மா ஏன் நாள்தோறும் சொல்லுகிறாள்?

படித்து முடித்தோம். திண்ணையில் பேச்சில்லை. சற்றுக் கழித்துப் பெரியவர், "முதற் பரிசு யாருக்கு என்று இனி யோசிக்க என்ன இருக்கிறது, சாமி?" என்றார்.

இளையவர் தயங்கினார். "ஐயா, நாற்பத்தொரு பிழை. தலைப்பில் உள்ள 'உழைப்பு' என்னும் சொல்லையே கட்டுரை நெடுகிலும் 'உளைப்பு' என்று எழுதியிருக்கிறாள்."

"என் காதில் ஒரு பிழையும் விழவில்லையே!" என்றார் பெரியவர். பிறகு, "விதியில் பிழைக்கு எத்தனை மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறீர்கள்?" என்று வினவினார்.

"நூற்றுக்குப் பத்து, ஐயா."

"அப்படியானால் பத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். அது முறைதான். மீதித் தொண்ணூறைக் கழிக்க நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?"

இளையவர் மறுப்புக் கூறவில்லை. அவரே எழுதுகோலை எடுத்துப் பத்தைக் கழித்து, மற்றவற்றுக்கு உரிய மதிப்பெண் இட்டார். கூட்டிப் பார்த்தபோதும் அச்சிறுமியே முன்னின்றாள். சலுகை காட்டி அவளுக்குப் பரிசு வழங்கவில்லை. நேர்மையாகக் கணக்குப் பார்த்தே வழங்கினோம்.

கதை அத்துடன் முடியவில்லை. கண் தேறியதும் பெரியவர் அச்சிறுமியை வரவழைத்துச் சனிக்கிழமைதோறும் பிழை நீக்கி எழுதப் பயிற்றினார். பரிசோடு சேர்த்துத் தம் செலவில் ஒரு தமிழ் அகராதியும் வாங்கிக் கொடுத்திருந்தார். முதல் நாள் அகராதியில் எந்தச் சொல்லைப் பார்க்கச் சொன்னார் தெரியுமா? 'உளை' என்னும் சொல்லை. கால் உளைகிறது, மன உளைச்சல் என்கிறோமே, அந்த 'உளை'. வருந்துதல், நோதல் என்பது பொருள். "நீ தெரியாமல் எழுதினாலும் உன் அம்மாவின் கால்களைப் பற்றி எழுதினாய். ஆனால் இனிமேல் தெரிந்து எழுது, உழைப்பு என்றால் ழகரம், உளைச்சல் என்றால் ளகரம்" என்று அவர் சொன்னபோது நாமும் அருகிலிருந்தோம். அந்தச் சிறுமி அதன்பின் அவ்விரு சொற்களையும் மாற்றி எழுதியதில்லை என்று பெரியவர் பெருமையோடு கூறுவார்.

பிழை பொறுக்கலாகாத இடம்

இவ்வளவு சொன்னதால், எழுத்துப் பிழை ஒரு பொருட்டே அன்று என்பது நம் கருத்தென எவரும் எண்ணிவிடலாகாது. திருமுழுக்குப் பதிவேட்டில் பெயரின் ஓர் எழுத்து மாறினால், இருபது ஆண்டு கழித்து அக்குடும்பம் திருமணத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் அலுவலகம் அலுவலகமாக அலையவேண்டியிருக்கும். மருத்துவர் எழுதும் மருந்தின் பெயர், நிலப் பத்திரத்தில் எழுதும் சர்வே எண், கூட்டுறவுச் சங்கக் கணக்கு ஆகியவற்றில் எழுத்தே பொருள். அங்கே பிழையைப் பொறுப்பது இரக்கம் ஆகாது, பிறர்க்குத் தீங்காகும். அன்றியும், பிழைபட எழுதும் பிள்ளையைத் திருத்தாமலே விட்டுவிடுவதும் அன்பன்று. உலகம் அப்பிள்ளையைப் பார்த்து நகைக்கப் போகிறது என்று அறிந்தும் வாளாவிருப்பது எப்படி அன்பாகும்? ஏழைப் பிள்ளைக்குப் பிழையற்ற எழுத்து ஒரு படைக்கலம். அதை அதன் கையில் கொடுத்தே ஆகவேண்டும்.

நாம் வேண்டுவது வரிசை மாறாமையே. பலாப்பழத்தின் முள்ளைப் பார்த்துப் பழத்தை எறிபவர் உண்டோ? முள்ளை முள் என்றறிந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அரிகிறோம். சொல்லவந்தது யாது என்று முதலில் கேட்போம், அதற்குரிய மதிப்பை அளிப்போம், அதன்பின் திருத்துவோம். முதலிலேயே திருத்தத் தொடங்கினால், எழுதியவர் வாயை மூடிக்கொள்வார். வாயை மூடிக்கொண்டவரிடம் திருத்துவதற்கு என்ன இருக்கிறது?

இக்காலத்தில் இதற்கு வேறொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. கைப்பேசி தானே எழுத்தைத் திருத்தித் தருகிறது. தலைப்பைச் சொன்ன அளவில் கணினி ஒரு முழுக் கட்டுரையையே வழுவின்றி எழுதித் தருகிறது. முன்னெல்லாம் பிழையற்ற நடை என்பது பல்லாண்டு உழைப்பின் சான்றாக இருந்தது. இன்று அது கடையில் வாங்கும் உறை போல் எளிதாகிவிட்டது. உறை அழகாயிருப்பதைக் கொண்டு உள்ளே கடிதம் இருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது. ஆகவே, எழுத்தை மதிப்பிடுவோர் முன்னினும் ஆழமாகப் பார்க்கவேண்டிய காலம் இது. இதை எழுதியவர் எதையாவது கண்டாரா? கண்டதைச் சொன்னாரா? வேறொருவர் எழுதியிருக்க இயலாத ஒரு வரியேனும் இதில் உண்டா? இவையே கேட்கத்தக்க கேள்விகள்.

வீட்டில் செய்யத்தக்கது

அன்புள்ள பெற்றோரே, மதிப்பிடும் வேலை ஆசிரியர்க்கும் நடுவர்க்கும் மட்டும் உரியதன்று. விடுதியில் தங்கிப் படிக்கும் மகன் எழுதும் கடிதத்தை, வெளிநாட்டில் உழைக்கும் கணவர் அனுப்பும் செய்தியை, முதியோர் கல்வியில் கையெழுத்துப் பழகிய பாட்டி எழுதும் வாழ்த்தை நீங்களும் நாள்தோறும் மதிப்பிடுகிறீர்கள். ஆகவே இரண்டொரு பழக்கங்களைப் பரிந்துரைக்கிறோம்.

பிழை மலிந்த எழுத்து கைக்கு வந்தால், அதை வாய்விட்டுப் படியுங்கள். கண் பிழையைத் தேடும். காதோ பொருளைத் தேடும். அந்தத் தமிழாசிரியருக்குக் கண்கட்டு உதவியதுபோல் உங்களுக்கு இப்பழக்கம் உதவும். பிள்ளை தான் எழுதியதைக் கொண்டுவந்து காட்டும்போது, கையில் பேனாவை எடுக்காதீர்கள். முதற்சொல், அது எழுதிய பொருளைப் பற்றியதாக இருக்கட்டும். "நீ சொன்ன இந்தச் செய்தி எனக்குத் தெரியாதே!" என்னும் ஒரு சொல், பத்துத் திருத்தங்களைத் தாங்கும் வலிமையைப் பிள்ளைக்குக் கொடுக்கும். திருத்தத்தை மறுநாள் செய்யுங்கள். அதையும் பிறர்முன் செய்யாதீர்கள். பள்ளிக்குச் செல்லாத தாயோ தந்தையோ எழுதிய கடிதத்தைப் படித்த பிள்ளைகள் எள்ளி நகைத்தால், அந்த நகைப்பை மட்டும் அன்றே திருத்துங்கள்.

எழுதத் தெரிந்தவர் எல்லாரும் சொல்லத்தக்க பொருள் உடையவரல்லர்; சொல்லத்தக்க பொருள் உடையவர் எல்லாருக்கும் எழுதத் தெரிவதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைப் பொறுமையுள்ள வாசகர் ஒருவரே தம் அன்பால் நிரப்ப வல்லவர். அத்தகைய வாசகர் நம் வீடுகள்தோறும் ஒருவரேனும் இருப்பாராக!